எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: பிளேஸ்டேஷன் குடும்பத்துக்குள் வந்த வெள்ளைப் பெட்டி

மைக்ரோசாஃப்டின் இந்த வீடியோ கேம் கன்சோலுக்கு என் மார்க்கை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. மெஷினுக்கு மட்டும் என்றால் நாலு கொடுத்திருப்பேன். அரை மார்க் குறைந்ததற்குக் காரணம் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் போட்டிக் கம்பெனியான சோனியின் பிளேஸ்டேஷன் வைத்திருப்பது. அதற்கு அந்தப் பெட்டி என்ன செய்யும், பாவம் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் செய்யாதுதான். ஆனால் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது மச்சான் வீட்டில் என்ன ஃப்ரிட்ஜ் என்று யாரும் விசாரிப்பதில்லை, கன்சோல் வாங்கும்போது அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன். நாங்கள் இருப்பது அம்லாங்கா பக்கம், மனைவியின் அண்ணன் குடும்பம் சாட்ஸ்வொர்த்தில். பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பது கிடையாது, இருட்டின பிறகு காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வர யாருக்கும் மனசும் வராது, அதனால் என் மகளும் அவளுடைய மாமா பையன்கள் இரண்டு பேரும் சந்திக்கிற இடம் ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் கேம்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஹெட்செட்டை மாட்டினால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காது கேட்காது. இந்த நிலைமையில், 2022 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஆபீஸ் நண்பர் ஒருவர் சாமானையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார், நல்ல விலைக்கு இந்த சீரிஸ் எஸ் கிடைத்தது, வாங்கிவிட்டேன். செய்தி சாட்ஸ்வொர்த்துக்குப் போனதும் மருமகன்கள் இருவரும் ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். "ஏன் மாமா, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான் பெரியவன்.

சரி, மெஷினுக்கு வருவோம். சின்னது, வெள்ளை, மேலே ஒரு கறுப்பு வட்டம். டிவி மேஜையில் இடத்தை அடைக்காது, சத்தமும் அவ்வளவாக இல்லை. 2020 நவம்பரில் வெளிவந்தபோது அமெரிக்காவில் 299 டாலர், அந்தத் தலைமுறையிலேயே மலிவான பெட்டி. பழகப் பழக விலை இறங்குவதுதான் கன்சோல் உலகத்தின் வழக்கம், இது தலைகீழாக 2025-இல் இரண்டு தடவை ஏறி 400 டாலருக்கு வந்தது. மலிவு என்பதுதான் இதன் முதல் தகுதியாக இருந்தது, அந்தத் தகுதி இப்போது பாதி போய்விட்டது. படம் நன்றாகவே இருக்கிறது. 4கே டிவியில் பிளேஸ்டேஷன் 5 அளவுக்குத் துல்லியம் வராது என்பது உண்மை, ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கும் என் மகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மருமகன்களுக்கு மட்டும் வாசலிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

பெரிய குறை இடம். 512 ஜிபி என்று போட்டிருக்கும், சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சுவது 364. கால் ஆஃப் டூட்டி என்ற ஒரு கேம் மட்டுமே நூறு ஜிபிக்கு மேல் விழுங்கும். புது கேம் ஒன்று இறக்க வேண்டும் என்றால் எதை அழிப்பது என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது. யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் மாட்டலாம், ஆனால் இந்தத் தலைமுறை கேம்களை அதில் போட்டு வைக்கத்தான் முடியும், ஆட வேண்டும் என்றால் திரும்ப உள்ளே நகர்த்த வேண்டும். 2023-இல் வந்த கறுப்பு நிற மாடலில் 1 டிபி இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே எடுங்கள்.

இந்தப் பெட்டி எங்கள் குடும்பத்தில் மரியாதையாக வாழ்ந்த ஒரு காலமும் உண்டு, அது 2023. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லோட்ஷெடிங் என்று இங்கே சொல்கிற மின்வெட்டு ஸ்டேஜ் ஆறு வரை போய், ஒரே நாளில் மூன்று நான்கு முறை கரண்ட் போகும். சீரிஸ் எஸ் ஆடும்போது இழுப்பது ஏறக்குறைய 80 வாட், பிளேஸ்டேஷன் 5 சுலபமாக 200-ஐத் தொடும். எங்களிடம் இருந்ததும் மச்சான் வீட்டில் இருந்ததும் ஒரே அளவு சின்ன இன்வெர்ட்டர்தான். எங்கள் வீட்டில் வைஃபை, டிவி, கன்சோல் மூன்றும் இரண்டு மணி நேர வெட்டைத் தாண்டி ஓடும், அங்கே பாதி ஆட்டத்தில் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்கும், மச்சான் வந்து கன்சோலை அணைத்துவிட்டு விளக்கைப் போடுவார். அப்போதுதான் சின்ன மருமகன் முதல் தடவையாக, "இது பரவாயில்லை மாமா" என்றான். 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் வெட்டே இல்லாமல் ஓடியது, எங்கள் பெட்டியின் மவுசும் அதோடு போனது.

மவுசு எதற்கு, ஃபோர்ட்நைட்தான் எல்லாக் கன்சோலிலும் சேர்ந்து ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு. ஆமாம், ஆடலாம். 2018 செப்டம்பர் வரை சோனி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஃபோர்ட்நைட் ஆட்கள் போட்ட சத்தத்தில்தான் கதவைத் திறந்தார்கள். ஆனால் சேர்ந்து ஆடுவது வேறு, சேர்ந்து இருப்பது வேறு. பிளேஸ்டேஷன் பார்ட்டி என்கிற குரல் அரட்டையில் நாலு பையன்கள் கூடி அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள், எக்ஸ்பாக்ஸில் இருப்பவளால் அதற்குள் நுழைய முடியாது. கேம் தொடங்குவதற்கு முன்னால் அடிக்கிற கிண்டல், கேம் முடிந்ததும் யார் மேல் தப்பு என்று நடக்கிற சண்டை, அடுத்து என்ன ஆடலாம் என்ற தீர்மானம், எல்லாம் அந்தப் பார்ட்டியில்தான் நடக்கும். கேமில் வருகிற தீவில் அவர்களோடு சேர்ந்து குதித்தும் என் மகளுக்கு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது.

பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹெட்செட்டுக்கு அடியில், இடது காதில் மட்டும், ஃபோன் இயர்போனைச் செருகிக்கொண்டு வாட்ஸாப் கால். அந்தப் பக்கம் பெரியவன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருப்பான். அவன் கன்ட்ரோலர் பட்டனைத் தட்டுகிற டிக் டிக், பின்னால் அத்தையின் குக்கர் விசில், தெருவில் யாரோ ஹார்ன் அடிப்பது எல்லாம் அவள் காதுக்கு வரும், அதற்கு நடுவில் "பின்னாடி பார், பின்னாடி பார்" என்று ஒரு குரல் ஒரு விநாடி தாமதமாக வந்து சேரும், அதற்குள் இவள் செத்திருப்பாள். அந்தத் தாமதத்தால் எத்தனை ஆட்டம் போனதோ. ஆனாலும் வாட்ஸாப் கால் இல்லாமல் ஆட அவள் சம்மதித்ததே இல்லை. பதிமூன்று வயது முடிந்து டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் கணக்குத் திறக்கலாம் என்று ஆன பிறகுதான் இந்தக் கூத்து நின்றது. இரண்டு கன்சோலிலும் டிஸ்கார்ட் குரல் வசதி இப்போது இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. வேறு வேறு பெட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

சாட்ஸ்வொர்த் ஏன் இப்படிப் பிளேஸ்டேஷன் ஊராகக் கிடக்கிறது என்று மச்சானிடம் கேட்டால் கதை கோல்டன் சைனாவில் தொடங்கும். தொண்ணூறுகளில் இந்த நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு முதல் வீடியோ கேம் அந்த நின்டெண்டோ நகல் பெட்டிதான். அப்புறம் பிளேஸ்டேஷன், அப்புறம் பிளேஸ்டேஷன் 2. உலகம் முழுக்க 16 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. அப்பா ஆடியதையே பிள்ளையும் கேட்டான். அடுத்த தலைமுறையில் பிளேஸ்டேஷன் 4 இங்கே 2013 டிசம்பரில் வந்துவிட்டது, எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்து சேர்ந்தது 2014 செப்டம்பரில். அந்த இடைவெளியில் ஒரு தெருப் பையன்கள் மொத்தமும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள், நண்பர்கள் லிஸ்ட், வாங்கின கேம்கள், சேர்த்த டிராஃபிகள் எல்லாம் அங்கே. எக்ஸ்பாக்ஸின் அன்றைய தலைவர் ஃபில் ஸ்பென்சரே 2023-இல் ஒரு பேட்டியில், மக்கள் டிஜிட்டலாக கேம் சேர்க்கத் தொடங்கிய அந்தத் தலைமுறையில் தோற்றதுதான் இருப்பதிலேயே மோசமான தோல்வி என்கிற மாதிரிப் பேசினார். சரியாகத்தான் சொன்னார்.

டிஸ்க் இன்னொரு விஷயம். சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் போடுகிற வாயே கிடையாது. மருமகன்கள் ஒரு டிஸ்க் வாங்கினால் அது தெருவில் நாலு வீடு சுற்றும். சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட் என்ற சந்தைக்கு மச்சான் காய்கறி வாங்கப் போகிற அன்று கூடப் போய், அங்கே நண்பன் எவனையாவது பார்த்து, மூலையில் கீறல் விழுந்த நீல டிஸ்க் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு வருவார்கள். என் மகளுக்கு அந்த வியாபாரத்தில் இடம் இல்லை. பதிலுக்கு அவளுக்கு இருப்பது கேம் பாஸ், மாதக் கட்டணத்தில் நூற்றுக்கணக்கான கேம்கள், உண்மையிலேயே நல்ல சேவை. அவள் ஆடிப்பார்த்த பல சின்ன கேம்களின் பெயர்கூட அந்தப் பையன்களுக்குத் தெரியாது. ஆனால் கட்டணம் நின்றால் கேமும் நிற்கும், உயர்ந்த திட்டத்தின் விலை 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து ஒரேயடியாக 30-க்குப் போனது.

இந்தக் கட்சி கட்டுதல் எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். மச்சான் வீட்டில், கால்பந்து என்றால் பெரியவன் லிவர்பூல், சின்னவன் மான்செஸ்டர் யுனைடெட், இருவரும் இங்கிலாந்தை டிவியில் மட்டும் பார்த்தவர்கள், ஆனால் கன்சோல் என்று வந்தால் ஒரே கட்சி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். உனக்குக் கிளே என்ற ஓவியரின் படம் பிடித்திருக்கிறது, உனக்குக் காண்டின்ஸ்கி என்று சொல்லி, உண்மையில் குருட்டாம்போக்கில், இரண்டாகப் பிரித்தார். அப்புறம் மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். முகம் தெரியாத தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை, தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். காசு கொடுத்து வாங்கின பெட்டி என்றால் கேட்க வேண்டுமா? 2023-இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் எக்ஸ்பாக்ஸுக்குத் தாமதமானது, திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியை சீரிஸ் எஸ் தாங்கவில்லை என்பது காரணம், கடைசியில் இந்தப் பெட்டிக்கு மட்டும் அதை விட்டுவிட்டு டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்தச் செய்தியைப் பெரிய மருமகன் எனக்கு அனுப்பிய வேகத்தில் அவன் பரீட்சை மார்க்கைக்கூட அனுப்பியதில்லை. பிறகு 2025-இல் அப்டேட்டில் அந்த வசதி வந்தது. அதை அவன் அனுப்பவில்லை.

எக்ஸ்பாக்ஸ் பக்கத்து ஆட்களின் நிலைமை இன்னும் பரிதாபம். கோயிலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார், பூசத்துக்குக் காவடி எடுப்பவர், பழைய எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்து எக்ஸ்பாக்ஸ் மட்டுமே, கேம்களில் சேர்த்த அச்சீவ்மென்ட் ஸ்கோரைக் கேட்டால் ஜாதகம் மாதிரி ஒப்பிப்பார். 2024 பிப்ரவரியில் எக்ஸ்பாக்ஸ் தனக்கே என்று வைத்திருந்த கேம்கள் நாலை மற்ற கன்சோல்களுக்கும் தருவதாக அறிவித்தபோது, அவரோடு ஆன்லைனில் வருடக்கணக்கில் ஆடிய கூட்டமே இரண்டுபட்டது என்றார். அப்புறம் 2025-இல் ஃபோர்ஸா ஹொரைசன் 5, கியர்ஸ் ஆஃப் வார் என்ற எக்ஸ்பாக்ஸ் கேம்களும் பிளேஸ்டேஷனுக்குப் போயின, ஹேலோவும் வருகிறது என்று அக்டோபரில் சொல்லிவிட்டார்கள். கம்பெனியே, ஃபோன், டிவி எல்லாம் எக்ஸ்பாக்ஸ்தான் என்று விளம்பரம் செய்தது. கம்பெனி கட்சியைக் கலைத்துவிட்டது, தொண்டர்கள் இன்னும் கொடியோடு நிற்கிறார்கள் என்று நான் சொன்னேன். "கொடி கம்பெனிக்கு இல்லை அண்ணா, எங்க பசங்களுக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று வந்தது. சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 என்ற நாலு பேர் சேர்ந்து ஆடும் கேம் 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது, பழைய ஆட்கள் புதியவர்களை ஏதோ உதவிப்படை வந்தது போலக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மருமகன்கள், கோயில் தம்பி என்று மூவரும் இப்போது ஒரே படையில். புரட்டாசி முழுக்க முட்டைகூடத் தொடாமல் விரதம் இருந்துகொண்டு ராத்திரியில் கேமில் பூச்சிகளைக் கொன்று குவித்தார்கள். ஐரோப்பா சர்வரில் விழுந்தால் டர்பனிலிருந்து பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்புகிற தாமதம், 150 மில்லிவிநாடியைத் தாண்டும், அந்த விஷயத்தில் பிளேஸ்டேஷன் நீலம், எக்ஸ்பாக்ஸ் பச்சை என்ற வித்தியாசம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே திட்டு.

அப்படியானால் யார் வாங்கலாம்? பிள்ளை ஆடப்போவது ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போன்ற இலவச கேம்கள் என்றால், வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இருந்தால், தாராளமாக. சொந்தக்காரர்களும் தெருப் பிள்ளைகளும் டிஸ்க் மாற்றிக்கொள்கிற ஆட்கள் என்றால் வேண்டாம், கொஞ்சம் காசு சேர்த்து அவர்கள் வைத்திருப்பதையே வாங்குங்கள், பிள்ளை ஆடுவதைவிட அதிக நேரம் பேசத்தான் போகிறது. கன்ட்ரோலர் ஏஏ பேட்டரியில் ஓடுகிறது, சார்ஜ் செய்கிற பேட்டரி ஒரு ஜோடி கூடவே வாங்கிவிடுங்கள். பழைய பெட்டி வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் விற்பவர் கண் முன்னால் அவருடைய கணக்கை அழிக்கச் சொல்லி, ரீசெட் செய்து, உங்கள் வைஃபையிலோ ஃபோன் ஹாட்ஸ்பாட்டிலோ ஒரு முறை உள்ளே நுழைந்து பாருங்கள், ஆள் விமானம் ஏறிய பிறகு பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு அலைய வேண்டாம்.