கிரெடிட் கார்டை மூடச் சொன்னால் பிளாக் மட்டும் செய்கிறார்கள், கவனம்

மும்பையில் இருக்கும் நம்மவர்கள் யாராவது கிரெடிட் கார்டே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால், வங்கிக்கு ஃபோன் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது.

மாதுங்காவில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றதும், இனி கையில் இருக்கும் பணத்தில்தான் செலவு என்று தீர்மானித்தோம். இருந்தவை இரண்டு கார்டுகள். ஒன்று சிக்கலில்லாமல் மூடியது. இன்னொன்று ஒரு பெரிய தனியார் வங்கியுடையது. பெஸ்ட் கரண்ட் பில், மகாநகர் கேஸ், மொபைல், மாமியாரின் மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான் தானாகப் போய்க்கொண்டிருந்தன.

அவற்றையெல்லாம் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, பாக்கியை முழுதாகக் கட்டி, ஸ்டேட்மென்டில் பூஜ்யம் வந்த பிறகு கஸ்டமர் கேருக்குப் பேசினேன். கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டோம் என்றார்கள். அப்புறம் வேறொருவர் கூப்பிட்டு, ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி, லிமிட் உயர்வு என்று ஆசை காட்டினார். எதுவும் வேண்டாம், மூடுங்கள் என்றேன். “சரி மேடம், இனி அந்தக் கார்டு வேலை செய்யாது” என்றார்.

வேலை செய்யவில்லைதான். ஆனால் கணக்கை மூடவில்லை. கார்டு தொலைந்தால் செய்வார்களே, அந்த பிளாக்கை மட்டும் செய்து வைத்திருந்தார்கள். பிளாக் ஆன கார்டின் கணக்கு உயிரோடு இருக்கும். ஆண்டுக் கட்டணம் விழும், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. விழும், கட்டாவிட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். எங்களுக்கு அத்தனையும் விழுந்தது. கடைசியில் வசூல் ஆள் ஒருவர் என் கணவருக்கு ஃபோன் செய்து மரியாதையில்லாமல் பேசினார். இத்தனை வருடங்களில் ஒரு பில் கூடத் தவறாத மனிதர் அவர். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி இதில் தெளிவாக இருக்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். மூடிய தகவலை உடனே மின்னஞ்சலிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ சொல்ல வேண்டும். தபாலில்தான் கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. எங்களிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய அநியாயம் இன்னொன்று. விதியைச் சொன்னதும், “உங்கள் கணக்கில் பாக்கி இருக்கிறதே, அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது” என்றார்கள். எந்தப் பாக்கி? நாங்கள் மூடச் சொன்ன பிறகு அவர்களே போட்ட ஆண்டுக் கட்டணம். அதையே காரணமாகக் காட்டி மூடாமல் இழுக்கிறார்கள். பயந்துபோய் அதைக் கட்டிவிட்டு ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் கட்டவில்லை. கோரிக்கை வைத்த தேதியன்று பாக்கி பூஜ்யம் என்பதைக் காட்டும் ஸ்டேட்மென்டை இணைத்து, அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். 30 நாட்கள் ஆகியும் உருப்படியான பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரிக்கு, புகார் பதிவு செய்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 14448 எண்ணில் கேட்கலாம். அதன் பிறகு வங்கி தானாக இறங்கி வந்தது. கட்டணமும் வட்டியும் ரத்தாயின. நாளுக்கு 500 ரூபாய் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. மறுபடி எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது.

எதிர் வீட்டு மாமியிடம் இதைச் சொன்னேன். “நானும் ஃபோன்லதான்டி சொன்னேன், அப்போ என்னோடதும் மூடியிருக்க மாட்டாளோ?” என்றார். பார்த்தால் அவருடையதும் திறந்தே இருந்தது, வேறு வங்கி. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மூடும் கோரிக்கையை மின்னஞ்சலிலோ வங்கியின் ஆப்பிலோ கொடுங்கள், எண் வாங்குங்கள். “இது பிளாக் கோரிக்கை அல்ல, கணக்கை நிரந்தரமாக மூடும் கோரிக்கை. இன்றைய தேதியில் பாக்கி இல்லை” என்ற வரிகள் கட்டாயம் இருக்கட்டும். இ.எம்.ஐ. ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை முடிக்காமல் மூட விடமாட்டார்கள். ரிவார்டு புள்ளிகளையும் முன்பே பயன்படுத்திவிடுங்கள்.

தானியங்கிக் கட்டணங்களை மாற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். புதிய வழியில் ஒரு பில் சரியாகப் போனதைப் பார்த்துவிட்டுப் பழைய மேன்டேட்டை (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை) ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ. ஆட்டோபே உடனே அமைந்துவிடும். சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வங்கி வழியே பதிவு செய்யும் நாச் மேன்டேட்டுக்கு நாள் பிடிக்கும். காப்பீட்டில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் மாதத் தவணை பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 15 நாட்கள்தான். கணக்கில் பணம் இல்லாமல் நாச் திரும்பினால் வங்கி அபராதம் போடும் என்பதால், பென்ஷன் வந்து சில நாள் கழித்துப் பில் தேதிகளை வைத்திருக்கிறோம். கார்டு மேன்டேட்டுக்குப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பதும் விதி. மூடிய கார்டின் பேரில் அப்படி ஒரு எஸ்.எம்.எஸ். வந்தால் கணக்கு இன்னும் மூடவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

மூடிய பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது நம் கடன் வரலாற்று அறிக்கையை, பாருங்கள். அதைத் தயாரிக்கும் சிபில் உட்பட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அந்தக் கார்டு ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்று போட்டிருந்தால் முழுப் பணத்தையும் கட்டாமல் சமரசம் செய்துகொண்டவர் என்று அர்த்தமாகிவிடும். நாளைக்குப் பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடும்போது அது குறுக்கே வரும். உடனே திருத்தம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.