பதிப்பகத் தளங்களுக்கு வேர்ட்பிரஸ்: பல வருடம் ஓட்டிப் பார்த்தபின்

பதிப்பகங்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுப்பதும், கட்டியதைப் பராமரிப்பதும்தான் என் பிழைப்பு. இடையில் ஜூம்லா, ட்ரூபல் என்று தளம் கட்டும் மற்ற மென்பொருள்களையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெரும்பாலான வேலை வேர்ட்பிரஸிலும், அதன்மேல் ஓடும் வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளிலும்தான். ‘இன்னும் வேர்ட்பிரஸா?’ என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். ஆனால் எதற்கு ஒத்துவரும், எங்கே மக்கர் செய்யும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

முதல் சிக்கல், வூகாமர்ஸுக்குப் ‘பொருள்’ தெரியும், புத்தகம் தெரியாது. சட்டைக்கு அளவும் நிறமும் போல, கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் என்று வகை பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) கொடுக்கவும் வழி உண்டு. அதுவரை சரி. அப்புறம் ஒரு நூலுக்கு ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர், ஓவியர் என்று நான்கு பேர் வந்து நிற்பார்கள். ஒருவரே ஒரு நூலில் ஆசிரியர், இன்னொன்றில் மொழிபெயர்ப்பாளர். சாதாரண வகைப்பாட்டில் பெயரைச் சேர்க்கலாம், பங்கைச் சேர்க்க முடியாது. புத்தகத் துறைக்கென்றே உள்ள ஆனிக்ஸ் தரவு வடிவத்தில் இதற்குக் குறியீடுகளே உண்டு: ஆசிரியருக்கு ஏ01, மொழிபெயர்ப்பாளருக்கு பி06, ஓவியருக்கு ஏ12. நான் தளம் கட்டும்போது ஆட்களைத் தனி வகையாக வைத்து, நூலோடு இணைக்கும் இடத்தில் இந்தக் குறியீட்டையும் போட்டுவிடுகிறேன். பின்னால் விநியோகஸ்தர் ஆனிக்ஸ் கோப்பு கேட்டால் திண்டாட வேண்டியதில்லை.

அடுத்தது எக்செல். என் வேலையில் பாதி இதோடுதான் போகிறது என்றால் நம்ப மாட்டீர்கள். பதிப்பகத்தின் மொத்தப் பட்டியலும் ஒரு எக்செல் கோப்பில் இருக்கும். 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை எண் என்று நினைத்துக்கொண்டு, எக்செல் அதை 9.78 என்று சுருக்கிப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்தையும் ‘+12’ஐயும் ஒட்டிவிடும். தளத்தில் ஏற்றுவதற்காக அதை அப்படியே சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போயின. எல்லா நூல்களுக்கும் ஒரே எண். இந்த எண்ணைத்தான் வூகாமர்ஸில் எஸ்கேயு, அதாவது பொருளின் அடையாள எண்ணாகப் போடுகிறோம். அது இரண்டு பொருளுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது என்பதால், முதல் நூல் மட்டும் ஏறும்; மற்றவை ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தள்ளப்படும். பழைய நூல்கள் இன்னொரு ரகம். 2007க்கு முன் ஐஎஸ்பிஎன் 10 இலக்கம்தான். தொடக்கத்துச் சுழியத்தை எக்செல் விழுங்கிவிடும். கடைசியில் வரும் ‘எக்ஸ்’ஐ யாராவது தட்டுப்பிழை என்று அழித்திருப்பார்கள். அதனால் ஏற்றுவதற்கு முன் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டுவேன். முதல் 12 இலக்கங்களை 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆவது இலக்கம். குறைவே இல்லையென்றால் சுழியம். தப்பான எண் உடனே மாட்டிக்கொள்ளும்.

வடிவமைப்பு பற்றிக் கேட்டால், முகப்புப் பக்கத்தில் ஓடும் பேனரைப் பற்றி நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை. வாசகரோ தேடலில் நூலின் பெயரைத் தட்டி நேராக நூல் பக்கத்தில் வந்து இறங்குகிறார். அங்கே அட்டைப்படம்தான் எல்லாம். வூகாமர்ஸ் பட்டியலில் படங்களைச் சதுரமாக வெட்டுவதுதான் அதன் இயல்பான அமைப்பு. நீளவாக்கிலுள்ள அட்டை சதுரமானால் மேலே தலைப்பும் கீழே ஆசிரியர் பெயரும் காலி. தளம் திறந்த அன்று முதல் போன் எழுத்தாளரிடமிருந்துதான் வரும்! ‘வெட்டாதே’ என்று ஒரு தேர்வு அமைப்புகளிலேயே இருக்கிறது. அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்போடு வந்த, பக்கத்தை ‘ப்ளாக்’ என்னும் துண்டுகளாக அடுக்கும் குட்டன்பர்க் எடிட்டரை என் வாடிக்கையாளர்களில் யாருக்கும் பிடிக்கவில்லை. பழைய எடிட்டரையே திரும்பக் கொண்டுவரும் கிளாசிக் எடிட்டர் என்ற ப்ளகினை (கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரலை)ப் போட்டு ஓட்டினோம். இப்போது எழுத்தாளர் பக்கம், விழா அறிவிப்பு போன்றவற்றுக்கு ப்ளாக்குகள் வசதியாகத்தான் இருக்கின்றன. நூல் விவரங்களுக்கு மட்டும் கட்டம் கட்டிய படிவம்தான் வைப்பேன். அதில் யாரும் கை வைத்து எழுத்தைச் சிவப்பாக்க முடியாது.

அப்டேட் விஷயத்தில் வேர்ட்பிரஸ் மேல் எனக்குக் குறையில்லை. 2013 முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே ஏறிவிடுகின்றன. தொல்லை எல்லாம் ப்ளகின்களால்தான். ஒரு நூலுக்குப் பரிசு அறிவித்த மாலையில், ஆர்டர்கள் குவிகிற நேரம் பார்த்து, பணம் வாங்கும் ப்ளகின் ஒன்று தானாக அப்டேட் ஆகி, பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நின்றது. பேக்கப்பிலிருந்து பழைய பதிப்பைப் போட்டுச் சமாளித்தோம். அந்த ப்ளகினை எடுத்தாயிற்று. பணம் தொடர்பான எதையும் இப்போது சோதனைத் தளத்தில் பார்த்தபிறகுதான் உண்மைத் தளத்தில் ஏற்றுகிறேன்.

பாராட்ட வேண்டிய ஒன்று: நூல் பக்கத்தின் முகவரியை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பிவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய மதிப்புரையில் இருக்கும் சுட்டி இன்னும் வேலை செய்வது பதிப்பகத்துக்குச் சின்ன விஷயமில்லை. அச்சில் இல்லாத நூலின் பக்கத்தைக்கூட நான் அழிக்க விடுவதில்லை. ‘கையிருப்பில் இல்லை’ என்று வைத்தால் போதும். மறுபதிப்பு வரும்போது அதே முகவரி உதவும்.

சில நூறு தலைப்புகள் உள்ள பதிப்பகத்துக்கு வேர்ட்பிரஸையே கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பல ஆயிரம் என்றால் யோசிக்க வேண்டும். நூலின் ஒவ்வொரு சிறு விவரமும் தரவுத்தளத்தின் மெட்டா (கூடுதல் விவர) அட்டவணையில் தனி வரியாகப் போய் உட்காருவதால், தலைப்புகள் பெருகப் பெருக வடிகட்டித் தேடுவது இழுக்கும்; கேஷ் (தயார் செய்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு) போட்டாலும் ஓரளவுதான். அப்படிப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கு நூல் விவரங்களை வெளியே தனித் தரவுத்தளத்தில் வைத்து, இரவில் ஆனிக்ஸ் கோப்பு வழியாகத் தளத்துக்கு இறக்கும் ஏற்பாட்டை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். விலை மாற்றங்கள் ஒழுங்காக வருகின்றன. அட்டைப்படங்கள்தான் சில நாட்களில் இன்னும் இரண்டிரண்டாக ஏறுகின்றன.