பாலிசி இருந்தும் என் கைக்காசு போன கதை: ஷீட் வேலை எடுப்பவர்கள் கவனிக்க

போன வாரம் ஒரு சக கான்ட்ராக்டர் தன் டபிள்யூ.சி. பாலிசியை (வேலையாட்களுக்கு விபத்து நடந்தால் இழப்பீடு தரும் இன்சூரன்ஸ்) காட்டி, "வெறும் 9,000தான்" என்றார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கக் காத்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூர் பக்கம் குடோன்களுக்கும் பனியன் கம்பெனி ஷெட்டுகளுக்கும் கூரை போடுவது என் தொழில். ஒர்க் ஆர்டர் தருமுன்பே பார்ட்டி "டபிள்யூ.சி. இருக்கா?" என்பார்கள். 2022இல் அப்படி அவசரமாகத் தேவைப்பட்டது. ஒரு ஏஜென்ட் பத்துப் பேருக்கு 28,000 கேட்டார். இன்னொருவர் 9,500க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். "கையெழுத்து மட்டும் போடுங்கண்ணா, மத்ததை நான் பாத்துக்கறேன்." போட்டேன். முதல் பக்கத்தைப் பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு சரி.

எட்டு மாதம் கழித்துப் பல்லடம் அருகே பழைய கூரையை மாற்றும்போது, பையன் ஒருவன் வெளிச்சத்துக்குப் போட்டிருந்த ஃபைபர் ஷீட்டில் காலை வைத்துவிட்டான். வெயிலில் நொறுங்கிப்போன ஷீட். தூசி படிந்து, பக்கத்து ஷீட் மாதிரியே தெரிந்தது. இருபதடி. இடுப்பெலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. பலகை போட்டு நடக்க வைக்காதது என் தப்புதான், மறைக்கவில்லை.

கிளெய்ம் போட்ட பிறகுதான் பாலிசியை முழுசாகப் படித்தேன். தொழில்: வெல்டிங் பட்டறை. வேலை நடக்கும் இடம்: என் பட்டறை முகவரி. உயரத்தில் செய்யும் வேலை என்ற பேச்சே இல்லை. தரையில் நின்று வெல்டிங் வைப்பவருக்கும் கூரைமேல் நடப்பவருக்கும் பிரீமிய ரேட் வேறு. மலிவாகக் கிடைத்த ரகசியம் அவ்வளவுதான். பையன் மேஸ்திரி கூட்டிவந்த ஆள். சப்-கான்ட்ராக்ட் ஆட்களுக்கான கவரும் இல்லை, மருத்துவச் செலவும் சேர்க்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. ஏஜென்டைக் கேட்டால், "உங்க கையெழுத்துதானேண்ணா" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்சூரன்ஸ் கைவிட்டாலும் சட்டம் முதலாளியை விடாது. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 2009இல் வந்த திருத்தப்படி ஆஸ்பத்திரிச் செலவும் முதலாளியுடையது, 2,60,000 கட்டினேன். இழப்பீடு தனி. பையனுக்கு 30 வயது. முழுசாக முடங்கியிருந்தால், 15,000 மாதச் சம்பள உச்சவரம்பில் 60 சதவீதம், அதை அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருந்த 207.98 என்ற எண்ணால் பெருக்கி 18,71,820 ரூபாய். நல்லவேளை, வேலைத்திறன் இழப்பு கொஞ்சம்தான் என்பதால் அதில் ஒரு பங்கோடு போயிற்று. அந்தச் சட்டத்தில், ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லையென்றால் பாதித் தொகைவரை அபராதமும் இருந்தது. அந்த அபராதத்தைப் பொதுவாக எந்தப் பாலிசியும் ஏற்காது.

இப்போது விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன். தொழில் என்ற இடத்தில் "கூரை ஷீட் பொருத்துதல், உயரத்தில் வேலை" என்று எழுதி, வேலையிடம் தமிழ்நாடு முழுவதும் என்று போடச் சொல்கிறேன். மேஸ்திரி ஆட்களையும் நிஜச் சம்பளத்தையும் காட்டுகிறேன். 31,000 ஆகிறது. அந்தப் பையன் என் பட்டறையில் ஷீட் அளந்து வெட்டுகிறான், மேலே ஏறுவதில்லை.