சுக்கான் பாறையை அளந்து தந்த ஆய்வகம்

பல்லடத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் கசிவுநீர்க் குட்டை வெட்டுவதற்கு முன்பு, அடியில் கிடக்கும் சுக்கான் பாறை (சுண்ணாம்பு இறுகிய படிவு) எவ்வளவு நீரைக் கீழே இறங்கவிடும் என்பதை அறிய விரும்பி, ஆறு துண்டுகளைக் கோவையிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன்.

அங்கு பணிபுரியும் பெண் ஒவ்வொரு துண்டையும் நனைத்துக் காற்றில் பிடித்தார். மேற்பரப்பு காய்ந்த பிறகும் இரண்டில் மட்டும் ஈரம் கருங்கோடாக நின்றது. "இதுல விரிசல் ஓடுதுங்கண்ணா. அளந்தா விரிசலோட கணக்குத்தான் வருமுங்க, பாறையோடது வராது" என்று அவற்றைத் திருப்பித் தந்துவிட்டார். கட்டணம் குறைந்தாலும் பரவாயில்லை என்ற அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வகத்தை நான் பரிந்துரைப்பேன்.

மற்ற நான்கிலிருந்தும் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைகளை வெட்டி, களிமண் கெடாதபடி 60 டிகிரி சூட்டில் உலர்த்தி, ரப்பர் உறைக்குள் செருகி நைட்ரஜனைச் செலுத்தினார்கள். உறைக்கு வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்காவிட்டால், வாயு கல்லுக்குள் புகாமல் அதன் ஓரமாகவே நழுவிப் போய்விடும். மறுமுனையில் வெளிவரும் வாயு ஒரு சோப்புப் படலத்தைக் கண்ணாடிக் குழாயில் மெல்ல மேலே தள்ள, அது ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை எட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு, பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-இல் வகுத்த விதிப்படி கல்லின் ஊடுருவுதிறனை, அதாவது வாயுவையோ நீரையோ அது எவ்வளவு எளிதாகக் கடக்கவிடும் என்பதை, கணக்கிடுகிறார்கள்.

குறை முதல் அறிக்கையில் இருந்தது. ஒரே அழுத்தத்தில் அளந்த எண்ணை அப்படியே எழுதியிருந்தார்கள். குறைந்த அழுத்தத்தில் வாயு கல்லின் நுண்துளைச் சுவர்களில் வழுக்கிச் செல்வதால் ஊடுருவுதிறன் கூடுதலாகத் தெரியும் என்பதை ஆய்வாளர் கிளிங்கன்பெர்க் 1941-இலேயே விளக்கியிருக்கிறார். சுட்டிக்காட்டியதும் மறுப்புச் சொல்லாமல் நான்கு அழுத்தங்களில் மீண்டும் அளந்தார்கள். ஒரு மாதிரியில் 4.1 மில்லிடார்சி (டார்சியின் பெயரால் அமைந்த ஊடுருவுதிறன் அலகு) 3.2 ஆக இறங்கியது.

நீரைச் செலுத்தி அளக்கும் சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியதும் சரியன்று. உப்பே இல்லாத நீரில் களிமண் உப்பியும் பிரிந்தும் துளைகளை அடைத்துக்கொள்ளும். பக்கத்துக் குட்டையில் தேங்கிய மழைநீரை ஐந்து லிட்டர் கேனில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகே அளவு நிலையாக நின்றது. நீங்களும் எந்த நீர் இறங்கப்போகிறதோ அதையே எடுத்துச் செல்லுங்கள். பத்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை மூன்று வாரம் கழித்தே கைக்கு வந்தது.

3.2 மில்லிடார்சி என்றால், தன் எடையால் மட்டும் இறங்கும் நீர் விரிசலற்ற பாறையில் நாளொன்றுக்கு மூன்று மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. கோடையில் வெயிலே அதைவிட அதிகமாகக் குடித்துவிடும். ஒரு விவசாயிக்குத் தேவையான இந்தக் கணக்கை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அறிக்கையிலேயே அவர்கள் சேர்த்திருக்கலாம். குட்டையின் நடுவில் சுக்கானைத் துளைத்து, கீழேயுள்ள மக்கிய பாறை வரை ஒரு குழி இறக்குவதென்று இப்போது முடிவு செய்திருக்கிறோம்.