மர்வாவ் கோட்டைக்குள் அறை என்று சொன்னால் நம்பாதீர்கள்

போர்ச்சுகலின் அலென்தேஜுப் பகுதியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பாறை உச்சியில் இருக்கிறது மர்வாவ் என்ற மதில் சூழ்ந்த ஊர். அங்கே தங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் அறை பதிவு செய்த விடுதிக்காரர்கள் "மதிலுக்குள் 17ஆம் நூற்றாண்டு மாளிகை" என்று விளம்பரம் செய்து, கருங்கல் சட்டம் வைத்த அழகான ஜன்னலின் படத்தையும் போட்டிருந்தார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்ததும், மேலே பராமரிப்பு வேலை நடக்கிறது என்று சொல்லி, மலையடிவாரத்துப் போர்த்தாஜெம் கிராமத்திற்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தது புதுக் கான்கிரீட் கட்டடம். மாடிப்படிக்கு மேல் தாழ்வாக ஓடிய 'பழைய மர உத்தரத்தில்' நகம் பட்டதுமே பள்ளம் விழுந்தது. தெர்மாகோலுக்குப் பழுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள்!

மறுநாள் மதிலுக்குள் நடந்தபோது படத்தில் பார்த்த ஜன்னலைக் கண்டுபிடித்தோம். அது வேறொருவர் குடியிருக்கும் வீடு. இப்படி ஏமாந்து வந்து கதவைத் தட்டுபவர்கள் அடிக்கடி வருகிறார்கள் என்று அந்த வீட்டு அம்மா சலித்துக்கொண்டார். அவருக்கும் இது எவ்வளவு தொல்லை!

போர்ச்சுகலில் வரலாற்று மதிப்புள்ள மாளிகைகளில் நடத்தும் விடுதிகளுக்கு 'துரிஸ்மோ தெ அபித்தசாவ்' என்று தனி வகையே உண்டு. வாசலில் 'டிஎச்' பலகை இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது 'ஏஎல்' எண். அது சாதாரண வாடகைத் தங்குமிடத்திற்கான பதிவு. வீடு பழமையானது என்பதற்குச் சான்று ஆகாது. முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தேசியச் சுற்றுலாப் பதிவேட்டில் முகவரியைச் சரிபாருங்கள். எங்கள் எண்ணுக்கு உரிய முகவரி போர்த்தாஜெம்தான்.

உண்மையிலேயே பழைய சுவர்களுக்குள் தங்க ஆசையா? அதே பகுதியில் எஸ்த்ரெமோஸ் கோட்டையில் 'பொசாதா' (பழைய வரலாற்றுக் கட்டடங்களில் நடத்தும் விடுதி) இருக்கிறது. போர்ச்சுகல் அரசி இசபெல் 1336இல் உயிர் நீத்த கோட்டை அது. இத்தனை பெருமை உள்ள நாட்டில் தெர்மாகோலைக் காட்டிக் காசு பறிப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், மறுத்தார்கள். புகார்ப் புத்தகத்தைக் கேட்டதும், இல்லை என்றார்கள். விடுதி நடத்துபவர்கள் அதை வைத்திருப்பது அங்கே சட்டப்படி கட்டாயம். தர மறுத்தால் போலீஸை அழைக்கலாம். போலீஸ் என்று சொன்னதும் மேசை இழுப்பறையிலிருந்து புத்தகம் வந்துவிட்டது. எழுதிய புகாரை 15 வேலை நாட்களுக்குள் உரிய அதிகாரிகளுக்கு அவர்கள் அனுப்பியாக வேண்டும். உங்களுக்கு உரிய நகலைக் கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.