கருப்பனுக்குப் பச்சைக் கறி: பதினான்கு மாத அனுபவம்

கருப்பன் எங்கள் வீட்டு லாப்ரடார். ஐந்து வயது, 28 கிலோ. குட்டியிலிருந்து கடைத் தீனியும் தயிர்ச்சோறும்தான். ஓயாமல் உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்ததால் போன வருடம் ஆனி மாதம் பச்சைக் கறிக்கு மாற்றினேன். சொறி பாதிதான் குறைந்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவன் வயிற்றைப் பற்றித்தான்.

முதல் நாளே சொதப்பினேன். காலையில் வழக்கமான தீனி, ராத்திரி தோலோடு அரைக் கிலோ கோழி, கூடவே ஒரு கை ஈரல். விடிகாலை மூன்று மணிக்குக் கதவைப் பிறாண்டினான். இரண்டு நாள் பேதி. "பச்சக் கறி தின்னா நாய் ஆளக் கடிக்கும்னு சொன்னேன், கேட்டியா?" என்றார் அம்மா. கடிக்கவெல்லாம் இல்லை, பாவம், நிற்கவே தெம்பில்லாமல் கிடந்தான்.

கால்நடை மருத்துவருக்குப் பச்சைக் கறியே பிடிக்காது. ஆனாலும் திட்டிவிட்டு வழியும் சொன்னார். இரண்டு நாள் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும். பேதி நின்றதும் முக்கால் பங்கு பழைய தீனி, கால் பங்கு தோல் உரித்த கோழி. மலம் கெட்டியாக இருந்தால் மட்டுமே அடுத்த படி. பத்து நாளில் முடியும் என்று பலரும் சொல்வார்கள். கருப்பனுக்கு ஐந்து வாரம் ஆனது. அதுவரை கோழியைத் தவிர வேறு கறி கிடையாது. ஈரலை மூன்றாவது வாரம், கட்டைவிரல் அளவில் தொடங்கினேன்.

இப்போது ஒரு நாளைக்கு 700 கிராம், அதாவது எடையில் இரண்டரை சதவீதம். பெரும்பகுதி தசைக்கறி, பத்தில் ஒரு பங்கு எலும்பு, இன்னொரு பங்கு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) வகையறா. இந்தக் கணக்கை விட மலத்தைப் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் உதவியது. ஒரு வாரம் கறிக்கடை பாய் கோழிக் கழுத்தை நிறையக் கொடுத்துவிட்டார். சும்மா வந்ததை விடுவானேன் என்று நானும் போட்டேன். மூன்றாம் நாள் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, முக்கி முக்கிப் போனான். எலும்பு கூடினால் அப்படி. எலும்பு குறைந்து ஈரலோ கொழுப்போ கூடினால் இளகிப் போகும். வேகவைத்த எலும்பை மட்டும் எந்த நாளும் போடுவதில்லை. அது கூராகச் சிதறிக் குடலைக் கிழித்துவிடும்.

வயிற்றுக்குத் துணையாக என்னென்னவோ வாங்கிப் பார்த்தேன். நல்ல பாக்டீரியா பொடி ஒன்றை இரண்டு மாதம் கொடுத்தேன். போட்டபோதும் நிறுத்தியபோதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேலை செய்தது அரசாணிக்காய்தான், அதாவது மஞ்சள் பூசணி. உப்பில்லாமல் வேகவைத்து மசித்து இரண்டு ஸ்பூன். இளகினாலும் இறுகினாலும் அதே மருந்து. தயிர் ஒரு ஸ்பூன் ஒத்துக்கொள்கிறது, கிண்ணம் நிறையக் கொடுத்தால் காற்றுப் பிரிந்து வீட்டில் உட்கார முடியாது.

மருத்துவர் கறாராகச் சொன்ன இரண்டை அப்படியே கடைப்பிடிக்கிறேன். ஆட்டு ஈரல், நுரையீரல், சுவரொட்டி எதுவும் பச்சையாகக் கிடையாது, வேகவைத்துத்தான். அதிலிருக்கும் நீர்க்கட்டிப் புழு நாய்க்குப் போய், அங்கிருந்து மனிதர்களுக்கும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாடாப்புழுவையும் கொல்லும் பூச்சி மாத்திரை. பச்சைக் கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது என்பதால் தட்டு, கத்தி, தரை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கைக்குழந்தையோ, நோயாளியோ வீட்டில் இருந்திருந்தால் இதில் இறங்கியே இருக்க மாட்டேன்.

யாரும் எச்சரிக்காத சிக்கல் ஒன்று உண்டு: புரட்டாசி. அம்மா அந்த மாதம் கறியை வாசல்படி தாண்ட விடமாட்டார். போன வருடம் முதல் தேதி அன்று சட்டென்று கடைத் தீனிக்கு மாற்றி, மாதம் முடிந்ததும் சட்டென்று கறிக்குத் திரும்பி, இரண்டு முறையும் பேதி. இந்த வருடம் ஆவணி பதினைந்திலேயே கறியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைக் கலக்கத் தொடங்கிவிட்டேன். இன்றைக்குப் பாதிக்குப் பாதி. காலையில் கெட்டியாகத்தான் போனான்.