பழைய பிக்கப்புக்குக் கதவு பீடிங் மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், மழைக்கு முன்னால் பீடிங்கை, அதாவது கதவைச் சுற்றித் தண்ணீர் வராமல் தடுக்கும் ரப்பர் பட்டையை, மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எங்கள் 2008 மாடல் பொலேரோ கேம்பருக்கு நாலு கதவுக்கும் பீடிங் மாற்ற 6,800 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நன்றாக இருந்த முன்கதவின் அடித்தகட்டை அழுக வைத்துவிட்டார்கள். அதுதான் ஆறவில்லை. கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் செய்ததை எந்த ஊர்க் கடையிலும் செய்யலாம், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி வால்பாறைக்கு மளிகைச் சாமான் ஏற்றிப் போகிற வண்டி. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, தென்மேற்கு மழைக் காலத்தில் மேலே போகப் போக மழையும் பனிமூட்டமும்தான். பழைய பீடிங் தட்டையாகி, மூலைகளில் வெடித்துப் போயிருந்தது. இடது பக்கம் உட்காருகிறவர் காலுக்குக் கீழே மேட் நனைந்துவிடும். மாற்ற வேண்டிய நேரம்தான், அதில் சந்தேகமில்லை.

சீட் கவர், மேட், பீடிங் எல்லாம் போடுகிற கடை. "கம்பெனி ரப்பர்தாங்ணா போடறோம். வண்டிய விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றார்கள். சாயங்காலம் போனபோது பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. பழைய ரப்பர் எங்கே என்று கேட்டதற்கு, குப்பை வண்டியில் போட்டாயிற்று என்றார்கள். பில்லுக்குப் பதிலாக ஒரு வெள்ளைச் சீட்டில் 'டோர் பீடிங் ஒரிஜினல் 4, கிளாஸ் ரப்பர், லேபர்' என்று எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லை.

முதல் மழையிலேயே முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வேகம் பிடித்தால் காற்று விசில் அடித்தது. எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது கதவுச் சத்தம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கதவுக்குள்ளே சளக் சளக் என்று தண்ணீர் அலம்பியது. திருப்பிக் கொண்டுபோனதும் கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புது ரப்பருங்ணா, செட் ஆகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். புது ரப்பர் அமுங்கிப் படியச் சில நாள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அது கதவு இறுக்கமாக இருப்பதற்குச் சொல்கிற காரணம். தண்ணீர் ஒழுகுவதற்கு அதைச் சொல்ல முடியாது.

அப்புறம் மகாலிங்கபுரம் பக்கம் நெடுநாளாக டிங்கர் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டோம். அவர் முதலில் ரப்பரைத் தொடவே இல்லை. கதவின் அடி விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். இடுக்கை அடைக்கிற சிலிக்கான் பசை காய்ந்து ஒரு துண்டாகக் கழன்று விழுந்தது, பின்னாலேயே காபி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஒரு பக்கெட்டைப் பிடிக்கச் சொல்லி அடுத்த ஓட்டையையும் திறந்தார், அதிலும் அப்படியே. "தண்ணி போற வழிய அடைச்சு வெச்சிருக்கானுங்க தம்பி" என்றார். அவர் முகத்தில் இருந்த கோபம் எங்களுக்கு வந்த கோபத்துக்குக் குறைந்ததில்லை.

இதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் கொஞ்சம் கதவுக்குள்ளே போகத்தான் செய்யும், எல்லா வண்டியிலும் அப்படித்தான். அது வெளியேறத்தான் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் ஷீட் ஒட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அது. கிளாஸ் ரப்பர், அதாவது கதவுக் கண்ணாடியின் ரப்பர், மாற்றுகிறேன் என்று அட்டையைக் கழற்றியபோது அந்த ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, ஒழுகல் நிற்கட்டும் என்று அடி ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் போக இடமில்லாமல் உள்ளேயே தேங்கி, தகடு உள்ளிருந்து அரித்துவிட்டது.

பிறகு பீடிங்கை உரித்தார். கம்பெனி பீடிங் என்பது பாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு விளிம்பில் கவ்விப் பிடிக்கிற மாதிரி வருவது. உள்ளே இரும்புப் பட்டை இருக்கும், பசை இல்லாமலே கவ்விக்கொள்ளும். இவர்கள் போட்டதோ மீட்டர் கணக்கில் ரோலில் வெட்டி விற்கிற சரக்கு. கவ்வுகிற பிடி இல்லாததால் சுற்றிலும் ரப்பர் சொல்யூஷனைத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்தது. கீழ் மூலையில் ஏற்கெனவே இருந்த துருவைச் சுரண்டாமல், அதன் மேல் பள்ளம் நிரப்புகிற பட்டி (புட்டி) பூசி ரப்பரால் மூடியிருந்தார்கள். துரு அதற்குள் பக்கத்துக்கும் பரவியிருந்தது.

பெரியவர் அந்த ரப்பரில் ஒரு துண்டை வெட்டி, ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திக் காட்டினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சூட்டில் உருகினால் அது பி.வி.சி. மாதிரியான பிளாஸ்டிக். கம்பெனிக்காரர்கள் கதவுக்குப் போடுவது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர், அது வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும், சூட்டில் கருகுமே தவிர உருகாது. அதில் உள்ளே காலியாக உப்பலாக இருக்கிற குமிழை விரலால் அமுக்கி விட்டால் உடனே எழும். எங்கள் வண்டியில் இருந்ததை அமுக்கினால் அமுங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றது. போதாக்குறைக்கு, பளபளப்புக்காக மேலே எண்ணெய் தடவியிருந்தார்கள். அசல் ரப்பராக இருந்தாலும் எண்ணெயும் கிரீஸும் படப் பட ஈ.பி.டி.எம். ஊறி உப்பிவிடும். துடைக்கச் சோப்புத் தண்ணீரே போதும், தடவ வேண்டுமென்றால் சிலிக்கான் ஸ்ப்ரே.

மூலைகளில் இழுத்து ஒட்டியிருந்தார்கள், நீளம் மிச்சம் பிடிக்க. இழுத்துப் போட்ட ரப்பர் நாளடைவில் சுருங்கி மூலையை விட்டு விலகிவிடும். அதனால்தான் சரியாகப் போடுகிறவர்கள் இழுக்காமல் உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டு வந்து, கடைசியில் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனையும் ஒன்றையொன்று நெருக்குகிற மாதிரி சேர்ப்பார்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மன்னிக்கவே முடியாது. ரப்பர் தடிமன் ஒத்துவராமல் கதவு சாத்தச் சிரமமாக இருந்திருக்கிறது. அதற்காகத் தூணில் இருக்கிற லாக் கொக்கியின் போல்ட்டைத் தளர்த்தி வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படியும் பின்கதவு ஒன்று முழு லாக்கில் விழாமல் முதல் பல்லிலேயே நின்றிருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் சாத்தியிருக்கிற மாதிரிதான் தெரியும். அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு லோடுமேன் தம்பி வால்பாறை வளைவுகளில் வந்திருக்கிறான். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பீடிங் மாற்றி வாங்கியதும் நாலு கதவையும் சாத்தி, இரண்டு முறை 'டக்' கேட்கிறதா என்று பாருங்கள். சாத்திய பிறகு கதவு பக்கத்துத் தகட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

கடையில் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பழைய ரப்பரை உரித்த பிறகு, புதியதைப் போடும் முன்னால், வெறும் தகட்டு விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். துரு இருந்தால் சுரண்டி, துருவைத் தடுக்கிற ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் ரப்பர் ஏற வேண்டும். ஒரிஜினல் என்று சொன்னால் பாக்கெட்டைக் கேளுங்கள். எம்.ஆர்.பி., பார்ட் நம்பர், தயாரித்தவர் பெயர், மாதம், வருடம் எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். ரோலில் இருந்து வெட்டித் தருவது ஒரிஜினல் இல்லை. பழைய ரப்பரைக் கட்டாயம் கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், அளவும் வடிவமும் ஒப்பிட வேறு வழி கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே பிடியாக இருக்க வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வருகிற இடத்தில் தண்ணீரும் வரும். ஓஸ் பைப்பில் தண்ணீர் விடுவதென்றால் கீழிருந்து மேலே போங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். முன்கண்ணாடி ரப்பரில் ஒழுகுவது தூண் வழியாக இறங்கிக் காலடிக்கு வந்து, கதவு ஒழுகுகிற மாதிரியே ஏமாற்றும். அதையும் இப்படித்தான் பிரித்தறிய முடியும்.

சிலிக்கான் துண்டையும் உருகின ரப்பரையும் கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரர் சொன்ன பதில்: "பழைய வண்டிங்ணா, இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?" பழைய வண்டி என்றால் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை என்கிற எண்ணம் இது. அந்த வண்டிதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது. 1,500 ரூபாய் திருப்பித் தருகிறேன் என்றார், வாங்கவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீரவில்லை என்றால் கோவையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வியாபார வண்டிக்கு இதெல்லாம் செல்லாது என்று கடையில் பயமுறுத்தினார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வைத்திருப்பவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 'ஒரிஜினல்' என்று எழுதிய அந்தச் சீட்டு, ஓட்டையைத் திறந்தபோது எடுத்த வீடியோ, உரித்த ரப்பர், பெரியவர் எழுதிக் கொடுத்த வேலை விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் உரித்த ரப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.